டிவிடி டிரைவ் படிக்காத பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட வழி என்ன?

குடியாத்தம் | 2 நவம்பர் 2025, மாலை 6.10

கோர் 2 டுவோ டி6600, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஓடுது, ரொம்ப மெதுவா. டிவிடி டிரைவ் டிஸ்க்கை உள்ளே வாங்கும், கொஞ்சம் சுத்தும், வெளியே தள்ளிடும். ரூஃபஸ்னு ஒரு நிரல் வெச்சு பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் எழுதினேன். எஃப்12 அழுத்தினா ஹார்ட் டிஸ்க், டிவிடி, நெட்வொர்க் இந்த மூணுதான் வருது, பென்டிரைவ் பேரே இல்ல. புது டிவிடி டிரைவ் மாத்தினாதான் ஓஎஸ் போட முடியும்னு கடையில சொல்றாங்க. நிஜமாவே வாங்கணுமா?

சத்துவாச்சாரி | 2 நவம்பர், இரவு 8.35

வாங்காதீங்க தம்பி. லினக்ஸ் போட டிவிடி டிரைவ் தேவைப்பட்ட காலம் போய்விட்டது. பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: பிராசசர் 64 பிட்டா, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் நிரல்) பென்டிரைவை எந்தப் பெயரில் பார்க்கிறது. டி6600 64 பிட்தான். அதனால் முதல் கேள்வி முடிந்தது.

இரண்டாவதுக்கு வருவோம். அந்தக் காலத்து பயாஸ் பல, பென்டிரைவைத் தனிச் சாதனமாகக் காட்டாது. இன்னொரு ஹார்ட் டிஸ்க்காக நினைத்து ஹார்ட் டிஸ்க் வரிக்குள் ஒளித்து வைத்திருக்கும். லேப்டாப்பை முழுசாக அணைத்து, பென்டிரைவைச் செருகி, பிறகு ஆன் செய்து எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். இந்த வரிசை முக்கியம். ஆன் ஆன பிறகு செருகினால் பயாஸ் அதைக் கணக்கில் எடுக்காது. பூட் (கணினி எதிலிருந்து தொடங்குவது) பக்கத்தில் ஹார்ட் டிரைவ் என்ற வரிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதன் மேல் என்டர் தட்டினால் விரியும். உள்ளே உள் டிஸ்க்கும் அதன் கீழே பென்டிரைவும் தெரியும். எஃப்6 அல்லது கூட்டல் விசையால் பென்டிரைவை மேலே ஏற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். யுஎஸ்பி லெகசி சப்போர்ட் என்று ஒரு வரி இருந்தால் அது இயங்கு நிலையில் இருக்க வேண்டும்.

ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம், அதாவது டிஸ்க்கைப் பிரிக்கும் முறை, எம்பிஆர் என்ற பழைய வகையாக இருந்ததா? ஜிபிடி, யுஇஎஃப்ஐ என்ற புதிய வகைகளைத் தேர்ந்திருந்தால் 2009 வாக்கில் வந்த இயந்திரம் அந்தப் பென்டிரைவைப் பூட் செய்யாது. எம்பிஆர், பயாஸ் என்று மாற்றித் திரும்ப எழுதுங்கள்.

சத்துவாச்சாரி | 2 நவம்பர், இரவு 9.20

மேலே சொன்னதோடு விசைகளையும் சேர்த்து வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். டெல், லெனோவோ, தோஷிபா: எஃப்12. ஹெச்பி: எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ்: எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்ற வரியை இயக்கி வைத்தால்தான் அது வேலை செய்யும். லெனோவோ ஐடியாபேட் பலவற்றில் பவர் பட்டன் பக்கத்திலோ ஓரத்திலோ குட்டியாக நோவோ பட்டன் ஒன்று இருக்கும். அணைந்திருக்கும்போது அதை அழுத்தினால் நேராக மெனு வரும்.

யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகாதீர்கள். 2010 முதல் 2012 வரை வந்த சில லேப்டாப்களில் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட் தனிச் சிப்பில் ஓடும், அதிலிருந்து பூட் ஆகாது. கறுப்பு போர்ட்டில் செருகுங்கள்.

குடியாத்தம் | 3 நவம்பர், காலை 7.50

அண்ணா, பென்டிரைவ் ஹார்ட் டிரைவ் வரிக்குள்ளதான் இருந்தது! மேல ஏத்திட்டேன். மின்ட் மெனு வந்துச்சு. ஸ்டார்ட் கொடுத்தா லோகோவுல அப்படியே நிக்குது. எஸ்கேப் தட்டிப் பாத்தா 'ஏடிஏ2' னு ஆரம்பிக்கிற வரிங்க வந்துகினே கீது. லிங்க் ஸ்லோ, ரீசெட்னு என்னென்னவோ வருது. ஹார்ட் டிஸ்க் போச்சா?

சத்துவாச்சாரி | 3 நவம்பர், காலை 8.40

ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் ஏடிஏ1 ஆக இருக்கும். ஏடிஏ2 உங்கள் டிவிடி டிரைவாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. பாதி உயிரோடு இருக்கும் டிரைவ் முழுதாகச் செத்த டிரைவை விட மோசம். 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும், கேட்ட கேள்விக்குப் பதில் தராது. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காத்திருக்கும், இணைப்பை ரீசெட் செய்யும், வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பல நொடிகள் போகும். விண்டோஸ் மெதுவாகத் திறப்பதற்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

கழற்றி எடுத்துவிடுங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். அடிப்பக்கத்தில் டிரைவுக்கு நேராக ஒற்றை ஸ்க்ரூ இருக்கும். பல மாடல்களில் அதன் பக்கத்தில் சின்ன டிஸ்க் படம் பொறித்திருக்கும். அதை எடுத்தால் டிரைவ் பக்கவாட்டில் அப்படியே சறுக்கி வெளியே வரும். வராவிட்டால் முன்பக்கச் சின்ன ஓட்டையில் ஊசி விட்டுத் தட்டைத் திறந்து, தட்டைப் பிடித்து இழுக்காமல் டிரைவின் உடம்பைப் பிடித்து இழுங்கள். பிறகு பூட் செய்து பாருங்கள். டிரைவ் இல்லாமல் லேப்டாப் ஓடுவதில் ஒரு தடையும் இல்லை. காலி இடத்தில் தூசியும் பூச்சியும் போகாமல் முகப்புத் தகட்டை மட்டும் திருப்பி மாட்டினால் போதும்.

அந்த வரிகள் அப்போதும் நிற்கவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். லைவ் முறையில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி) டிஸ்க்ஸ் நிரலைத் திறந்து, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். 5-ஆம் எண் இடம் மாற்றிய செக்டர்கள், 197-ஆம் எண் படிக்கத் தடுமாறும் செக்டர்கள். 197 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்த டிஸ்க்கில் நிறுவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குடியாத்தம் | 3 நவம்பர், இரவு 7.15

ஒரே ஸ்க்ரூதான். எடுத்தேன், லைவ் ஸ்கிரீன் வந்துடுச்சு. 197 பூஜ்யம். அந்தக் காலி இடத்துல வேற ஏதாவது போடலாமா?

சத்துவாச்சாரி | 3 நவம்பர், இரவு 9.05

போடலாம், போட வேண்டும். கேடி என்று ஒரு தட்டு விற்கிறார்கள். டிவிடி டிரைவ் அளவிலேயே இருக்கும், உள்ளே 2.5 அங்குல டிஸ்க் உட்காரும். வாங்கும் முன் கழற்றிய டிரைவின் உயரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்: 12.7 மிமீ, 9.5 மிமீ என இரண்டு அளவு உண்டு. பழைய தடித்த லேப்டாப் என்றால் பெரும்பாலும் 12.7. பின்பக்க இணைப்பு சாட்டா என்ற புதிய வகையா என்பதும் முக்கியம். 2006, 2007 மாடல்களில் பழைய ஐடிஇ இணைப்பு இருக்கும், அதற்குக் கேடியும் வேறு.

எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குவதாக இருந்தால் அதை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேடிக்கு மாற்றுங்கள். கேடி இடத்திலிருந்து பூட் செய்யச் சில பயாஸ்கள் மறுக்கும், அந்த சாட்டா போர்ட் மெதுவானதாகவும் இருக்கலாம். 120 ஜிபி தாராளம். இந்த இயந்திரத்துக்கு 2 ஜிபி ரேமை 4 ஆக்குவதும் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்குவதும் எந்த லினக்ஸைத் தேர்கிறோம் என்பதை விடப் பெரிய வித்தியாசம் தரும். டிடிஆர்2வா டிடிஆர்3யா என்று பழைய ரேம் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து வாங்குங்கள், ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. கேடி வேலூர்க் கடைகளில் கிடைக்காவிட்டால், காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கிடைக்கும்.

ஆற்காடு | 4 நவம்பர், காலை 10.30

சார், இதே இழையில் கேட்கிறேன். என்னிடம் இருப்பது நெட்புக், ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம். டிவிடி டிரைவே கிடையாது. டெபியன் 13 (இன்னொரு வகை லினக்ஸ்) பென்டிரைவ் பூட் ஆகிறது, ஆனால் 'இந்த கெர்னலுக்கு 64 பிட் வேண்டும்' என்கிறது.

சத்துவாச்சாரி | 4 நவம்பர், பகல் 1.15

என்270 வெறும் 32 பிட். அதில் 64 பிட் லினக்ஸ் எந்த வழியிலும் ஓடாது. 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான நிறுவியே கிடையாது. உபுண்டு தன் 32 பிட் டெஸ்க்டாப் நிறுவியை 2017-இலேயே கைவிட்டது. உங்களுக்கு டெபியன் 12, இல்லையென்றால் அதன் மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23. 1 ஜிபி ரேமுக்கு ஆன்டிஎக்ஸ் என்பேன். அது சிஸ்டம்டி என்ற தொடக்க நிர்வாகி இல்லாமல், கனமான டெஸ்க்டாப் இல்லாமல் வருகிறது. டெபியன் 12-க்கு நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை உண்டு.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 32 பிட் லினக்ஸுக்கு 144-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. நீடித்த ஆதரவுப் பதிப்பான 140-க்கு 2026 செப்டம்பர் வரையாவது பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று மொசில்லா சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நெட்புக்கை வங்கி வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். எழுதவும், பாட்டு கேட்கவும், வீட்டுக்குள் கோப்பு வைத்துக்கொள்ளவும் இன்னும் பல வருடம் ஓடும்.

அடுத்தவர்கள் வாங்கும் முன் பார்க்க: என்450, என்455 வரிசை ஆட்டம் 64 பிட். என்2600, என்2800 இரண்டும் 64 பிட் தெரிந்தவைதான், ஆனால் அவற்றின் கிராஃபிக்ஸ் பவர்விஆர் வகை, லினக்ஸில் சரியான டிரைவர் கிடையாது, வீடியோ திணறும்.

ஆம்பூர் | 4 நவம்பர், மாலை 5.45

ரூஃபஸ் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். வென்டாய் என்ற கருவி இருக்கும்போது ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் (லினக்ஸ் நிறுவலுக்கான படக்கோப்பு) பென்டிரைவை அழித்து எழுதுவது எதற்கு? வென்டாயை ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா நகலெடுத்துப் போட்டாலே போதும், பூட்டில் பட்டியல் வரும். 32 ஜிபி பென்டிரைவில் மின்ட், டெபியன், ஆன்டிஎக்ஸ் மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். பள்ளியில் பல வகை லேப்டாப் வரும் இடத்தில் இதை விட வசதி இல்லை.

சத்துவாச்சாரி | 4 நவம்பர், இரவு 8.50

டீச்சர் சொல்வது சரி, முதலில் முயல வேண்டியது வென்டாய்தான். ரூஃபஸை நான் விடாததற்குக் காரணம் உண்டு: மிகப் பழைய பயாஸ் சிலவற்றில் வென்டாய் மெனு வந்த பிறகு ஐஎஸ்ஓவைத் தேர்ந்தால் கறுப்புத் திரையில் நின்றுவிடும். அப்போது ரூஃபஸில் ஐஎஸ்ஓவை எழுதத் தொடங்கியதும் ஒரு கேள்வி கேட்கும், ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று. டிடி முறை என்று சொல்லுங்கள். படத்தை ஒரு பிட் மாறாமல் அப்படியே எழுதும்.

டெபியன் நிறுவி பாதியில் 'சிடி-ராமைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று கேட்டு நிற்பதற்கும் இதுவே மருந்து. பென்டிரைவிலிருந்துதானே பூட் ஆனோம், ஏன் சிடி கேட்கிறது என்று குழம்ப வேண்டாம்; நிறுவி தன் கோப்புகள் இருக்கும் இடத்தைத்தான் அந்தப் பெயரில் தேடுகிறது. யூநெட்பூட்டின் போன்ற கருவிகள் உள்ளிருக்கும் கோப்புகளை மட்டும் பிரித்துப் போடும்போது அந்த அடையாளம் தொலைகிறது. டிடி முறையில் எழுதி, யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் கிடைத்துவிடும்.

லினக்ஸ் இருக்கும் கணினியிலேயே டிடி கட்டளையால் எழுதுவோருக்கு: இலக்காகக் கொடுக்க வேண்டியது முழுச் சாதனம், எஸ்டிபி (பெரும்பாலும் பென்டிரைவின் பெயர்); அதன் ஒரு பிரிவான எஸ்டிபி1 அல்ல. எஸ்டிஏ என்று தட்டினால் உங்கள் சொந்த டிஸ்க்கே அழியும். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பென்டிரைவின் கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே என்டர்.

ஆம்பூர் | 4 நவம்பர், இரவு 9.30

எழுதும் முன் ஐஎஸ்ஓவின் ஷா256 கூட்டலை (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எண்) சரிபாருங்கள். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். அது சரியாக இருந்தும் நிறுவல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பிழை காட்டி நின்றால் பென்டிரைவைச் சந்தேகியுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்து விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3; இரண்டும் முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும்.

ஆற்காடு | 6 நவம்பர், காலை 9.00

ஆன்டிஎக்ஸ் ஓடுகிறது. நன்றி. நண்பர் ஒருவரிடம் இருப்பது யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யவே தெரியாத லேப்டாப். பயாஸில் அப்படி ஒரு வரியே இல்லை. டிவிடியும் போச்சு. அதற்கு வழி?

சத்துவாச்சாரி | 6 நவம்பர், இரவு 9.40

மூன்று வழி. எது சுலபம் என்பது கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டிஸ்க்கில் ஏற்கெனவே ஏதாவது லினக்ஸ் இருந்தால் கிரப்பே (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர்) போதும். தமிழ்நாடு அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, அடித்தளம் டெபியன். அதை யாரும் அழிக்காமல் விட்டிருந்தால் யுஎஸ்பியும் வேண்டாம், டிவிடியும் வேண்டாம். டெபியன் தளத்தில் எச்டி-மீடியா என்ற அடைவில் ஒரு கெர்னலும் ஒரு இனிட்ஆர்டியும் (தொடக்கத்துக்குத் தேவையான கோப்புகளின் தொகுப்பு) இருக்கும். அவற்றையும் அதே பதிப்பின் நெட்இன்ஸ்ட் என்ற சிறிய ஐஎஸ்ஓவையும் டிஸ்க்கின் ஒரு பார்ட்டிஷனில், எந்த அடைவுக்குள்ளும் வைக்காமல், வெளியடுக்கிலேயே போடுங்கள். மறுபடி பூட் செய்து கிரப் மெனுவில் சி விசை தட்டினால் கட்டளை வரி வரும். எல்எஸ் என்றால் பார்ட்டிஷன்கள் தெரியும். லினக்ஸ் என்ற சொல்லுக்குப் பின் கெர்னலின் பாதை, அடுத்த வரியில் இனிட்ஆர்டி என்ற சொல்லுக்குப் பின் அதன் பாதை, மூன்றாவது வரியில் பூட். நிறுவி எழுந்து, டிஸ்க்கைத் துழாவி ஐஎஸ்ஓவைத் தானே கண்டுபிடிக்கும்.

இதில் தவறுவது இரண்டு இடத்தில். கெர்னல் ஒரு வெளியீட்டிலிருந்தும் ஐஎஸ்ஓ இன்னொன்றிலிருந்தும் இருந்தால் கெர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று நிற்கும். ஐஎஸ்ஓ வைத்திருக்கும் பார்ட்டிஷனையே ஃபார்மேட் செய்யச் சொன்னால் நிறுவி மறுக்கும், அது அப்போது பயன்பாட்டில் இருக்கிறது. ஆகவே கடைசியில் ஒரு 2 ஜிபி பார்ட்டிஷனை இதற்கென ஒதுக்குங்கள். ஃபேட்32 அல்லது எக்ஸ்ட்4. நிறுவி முடித்த பிறகு அதையே ஸ்வாப்பாக (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) மாற்றிக்கொள்ளலாம்.

டிஸ்க்கில் லினக்ஸ் எதுவும் இல்லையென்றால் டிஸ்க்கையே கழற்றி வேறு கணினியில் மாட்டி நிறுவி, திருப்பிக் கொண்டுவந்து பொருத்துங்கள். விண்டோஸ் இப்படி இடம் மாறினால் தகராறு செய்யும். லினக்ஸ் பொதுவாகச் செய்யாது. டெபியன் தன் இனிட்ஆர்டியில் பெரும்பாலான டிரைவர்களையும் சேர்த்தே வைக்கிறது, பார்ட்டிஷன்களையும் யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணால் அடையாளம் காண்கிறது. கவனம் வேண்டியது பூட்லோடரில். உதவிக்கு எடுத்த கணினி யுஇஎஃப்ஐ முறையில் எழுந்திருந்தால் நிறுவி யுஇஎஃப்ஐ கிரப்பைத்தான் போடும், பழைய பயாஸ் அதைப் படிக்காது. அந்தக் கணினியை லெகசி (பழைய பயாஸ்) முறையில் பூட் செய்ய வேண்டும். பார்ட்டிஷன் அட்டவணையும் எம்பிஆர் ஆகவே இருக்கட்டும். உதவிக் கணினியின் சொந்த டிஸ்க்கை அந்த நேரத்துக்குக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. பூட்லோடர் இடம் மாறி அதில் போய் உட்கார்ந்தால் இரண்டு கணினிக்கும் வேலை.

மூன்றாவது நெட்வொர்க் பூட். லேன் கேபிள் வேண்டும், வைஃபை ஆகாது. வீட்டில் இன்னொரு லினக்ஸ் கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலை நிறுவி, டெபியனின் நெட்பூட் தொகுப்பை விரித்து வைத்தால், பழைய லேப்டாப் பிஎக்ஸ்இ (நெட்வொர்க்கிலிருந்து தொடங்கும் முறை) வழியாக அதை இழுத்துக்கொள்ளும். வீட்டு ரவுட்டர் ஏற்கெனவே ஐபி கொடுத்துக்கொண்டிருப்பதால் டிஎன்எஸ்மாஸ்க்கைப் பிராக்ஸி முறையில் ஓட விடுங்கள், இல்லையென்றால் இரண்டும் மோதும்.

சத்துவாச்சாரி | 7 நவம்பர், காலை 6.55

இரவு எழுதியதை மறுபடி படித்தேன். ஒரே ஒரு லேப்டாப் என்றால் நெட்வொர்க் வழி வேண்டாம், டிஸ்க் கழற்றுவது அரை மணி வேலை. பள்ளியில் இருபது இயந்திரம் என்றால் கணக்கு வேறு.

குடியாத்தம் | 7 நவம்பர், இரவு 8.20

மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டாச்சு அண்ணா. மூணு தொல்லை. அப்டேட் கொடுத்தா 'வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடி ஆகல'ன்ற மாதிரி ஏதோ சொல்லுது. வைஃபை வரவே இல்ல, பிராட்காம்னு காட்டுது. பேட்டரியும் நிக்கறதில்ல, சார்ஜரைப் பிடுங்கினா உடனே அணைஞ்சுடுது.

சத்துவாச்சாரி | 7 நவம்பர், இரவு 9.10

முதல் தொல்லைக்குத் தேதியைப் பாருங்கள். 2009 என்றோ அது போலவோ காட்டினால் சிமாஸ் பேட்டரி (உள் கடிகாரத்தை ஓட வைக்கும் குட்டி பேட்டரி) தீர்ந்துவிட்டது. கணினி தன்னைப் பழைய காலத்தில் இருப்பதாக நினைப்பதால் இன்றைய கோப்பு அதற்கு எதிர்காலக் கோப்பு. பிரவுசரில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டுவதும் இதனால்தான். இப்போதைக்குத் தேதியைக் கையால் திருத்துங்கள். பிறகு சிஆர்2032, 3 வோல்ட் மாற்றுங்கள். லேப்டாப்பில் அது பெரும்பாலும் இரண்டு வயரும் ஒரு குட்டி இணைப்பும் சேர்த்துச் சுற்றப்பட்டு வரும். வயரோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள், வெறும் பேட்டரியில் சால்டர் வைக்க முயலாதீர்கள்.

வைஃபைக்கு ஃபோனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, ஃபோன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். கம்பி நெட்வொர்க் போல உடனே வேலை செய்யும். அதன் பிறகு மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்தால் பிராட்காம் டிரைவர் பட்டியலில் வரும், நிறுவி மறுபடி பூட் செய்யுங்கள்.

பேட்டரி செத்த லேப்டாப்பில் நிறுவும் எல்லோருக்கும்: மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டி அறிவிக்கிறது, அன்று தொடங்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் ஃபார்மேட் ஆன டிஸ்க்கில் மறுபடி முதலிலிருந்து நிறுவினால் சரியாகிவிடும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பார்ட்டிஷனைச் சுருக்கும் நேரத்தில் போனால் உள்ளிருக்கும் கோப்புகள் போகலாம். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே நகலெடுங்கள்.

ஆம்பூர் | 8 நவம்பர், பகல் 12.05

டெபியனை முழு டிவிடி ஐஎஸ்ஓவிலிருந்து நிறுவியவர்களுக்கு: பிறகு எதை நிறுவச் சொன்னாலும் 'டிஸ்க்கைச் செருகு' என்று கேட்கும். மென்பொருள் மூலங்கள் பட்டியலில் சிடிராம் என்று தொடங்கும் வரி இருக்கும். அதன் முன்னால் ஒரு ஹேஷ் குறி போடுங்கள், இணைய மூல வரிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். டிரைவே இல்லாத இயந்திரத்தில் இது வந்தால் மாணவர்கள் பயந்துவிடுகிறார்கள்.

ஆற்காடு | 8 நவம்பர், மாலை 4.40

1 ஜிபியில் பிரவுசர் திறந்தாலே ஸ்வாப் ஓட ஆரம்பிக்கிறது. குறைக்க முடியுமா?

சத்துவாச்சாரி | 8 நவம்பர், இரவு 7.30

இசட்ரேம் போடுங்கள். ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாகப் பயன்படுத்தும், டிஸ்க்கைத் தொடுவது குறையும். டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பு. அமைப்புக் கோப்பில் விழுக்காட்டை 50 என்று வையுங்கள். யூடியூப்பை 480க்கு மேல் ஏற்றாதீர்கள். பழைய பிராசசருக்கு விபி9, ஏவி1 என்ற புதிய வீடியோ வகைகள் இரண்டையும் விரிக்க வன்பொருள் உதவி கிடையாது. எச்264 என்ற பழைய வகையை மட்டும் கேட்க வைக்கும் பிரவுசர் நீட்சி உண்டு, போட்டால் விசிறி சத்தம் குறைவதே காதில் கேட்கும்.

விசிறி என்றதும்: நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். அதற்குள் விசிறியின் தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதுசாக வையுங்கள்.

குடியாத்தம் | 9 நவம்பர், காலை 10.15

தேதி திருத்தினேன், வைஃபையும் வந்துடுச்சு அண்ணா. கடைசியா ஒண்ணு. தமிழ்ல டைப் பண்ண என்ன போடணும்? அப்பா தமிழ்99 பழகினவர்.

சத்துவாச்சாரி | 9 நவம்பர், பகல் 11.30

தட்டச்சு உள்ளீட்டுக்கான ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டு தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். ஐபஸ் விருப்பங்களில் உள்ளீட்டு முறை சேர்க்கும் இடத்தில் தமிழைத் தேர்ந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையாக நிற்கும். அப்பாவுக்கு தமிழ்99, உங்களுக்கு ஒலிபெயர்ப்பு என்று இரண்டையும் சேர்த்தே வைக்கலாம். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் மாறும். எழுத்துரு கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லோகித் தமிழ் தொகுப்பைச் சேருங்கள். அப்பாவிடம் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் அவை இதில் திறந்ததும் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, அழித்துவிடாதீர்கள். யுனிகோடு மாற்றியில் போட்டு எடுத்தால் அப்படியே வந்துவிடும்.